லினக்ஸ் மின்ட் மெனுவை வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி அமைப்பது எப்படி: மொரீசியஸ் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. வீட்டிலோ கோவில் சங்க அலுவலகத்திலோ மாலைத் தமிழ் வகுப்பிலோ இருக்கும் பழைய கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்காததால் லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். கணினி ஓடுகிறது, இணையம் வருகிறது. ஆனால் இடது மூலையில் மெனுவைத் திறந்தால் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ ஐம்பது அறுபது பெயர்கள் வந்து நிற்கின்றன. பாட்டிக்கு வேண்டியது பாட்டும் படங்களும், பிள்ளைக்கு வேண்டியது பள்ளிப் பாடம், சங்கச் செயலாளருக்கு வேண்டியது ரசீதுக் கணக்கு. மூவரும் ஒரே பட்டியலில் தேடித் தடுமாற வேண்டியதில்லை.

இங்கே சொல்வது சின்னமன் பதிப்புக்கு உரியது. மின்ட்டில் எக்ஸ்எஃப்சிஇ, மாட்டே பதிப்புகளும் உண்டு, அவற்றின் மெனு வேறு. உங்களுடையது எது என்று தெரியாவிட்டால் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடிப் பாருங்கள். சின்னமனிலும் பதிப்புக்குப் பதிப்பு பொத்தான்களின் இடம் கொஞ்சம் மாறும், செய்ய வேண்டிய வேலை மாறாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

செலவு எதுவும் இல்லை. எல்லாக் கருவிகளும் மின்ட்டிலேயே இருக்கின்றன. ஒரு நபரின் மெனுவை முடிக்க முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள், இரண்டாவது நபருக்கு அதில் பாதி போதும். தமிழ் மொழிப் பொதியையோ எழுத்துருவையோ இறக்கும்போதும், 7-ஆம் படியில் தளங்களை மெனுவில் வைக்கும்போதும் இணையம் வேண்டும்.

நிர்வாகி கணக்கின் கடவுச்சொல்லைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கணினியை நிறுவிக் கொடுத்தவரிடமே அது தங்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது, முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். பிறகு ஒரு காகிதத்தில், பயன்படுத்தப் போகிறவரையே பக்கத்தில் உட்கார வைத்து, அவர் உண்மையில் திறக்கும் செயலிகளை எழுதுங்கள். பெரும்பாலும் ஆறு ஏழோடு நின்றுவிடும். நகல் எடுக்க ஒரு பென்டிரைவும் வேண்டும்.

1. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு

மெனுவில் நீங்கள் செய்யும் மாற்றம் எல்லாம், எந்தக் கணக்கில் நுழைந்து செய்தீர்களோ அந்தக் கணக்குக்கு மட்டுமே பொருந்தும். பாட்டிக்காக மறைத்தது பேரனுக்கு மறையாது. ஆகவே முதலில் 'யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ்' திறந்து ஆளுக்கொரு கணக்கு உண்டாக்குங்கள். கணக்கு வகை கேட்கும்போது நிர்வாகி என்று கொடுக்காமல் சாதாரணப் பயனர் என்றே கொடுங்கள். சாதாரணப் பயனர் தன் மெனுவை விருப்பம்போல் மாற்றலாம், ஆனால் நிர்வாகி கடவுச்சொல் இல்லாமல் ஒரு செயலியைக் கணினியிலிருந்து அகற்ற முடியாது. இது எவ்வளவு முக்கியம் என்று 4-ஆம் படியில் தெரியும்.

கடவுச்சொல் வைக்கும்போது விசைப்பலகையைக் கவனியுங்கள். பிரான்சிலிருந்து உறவினர் கொண்டுவந்த மடிக்கணினி என்றால் அது அசெர்ட்டி வரிசையில் இருக்கும். அதில் மேல்வரிசை எண்களுக்கு ஷிஃப்ட் அழுத்த வேண்டும், ஏ-யும் க்யூ-வும் இடம் மாறியிருக்கும். நிறுவும்போது குவெர்ட்டி என்று தேர்ந்திருந்தால், திரையில் தெரியாமலேயே வேறு எழுத்து பதிவாகிவிடும். பெயர்ப் பெட்டியில் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுக் கடவுச்சொல் பெட்டிக்குப் போங்கள்.

இனி வரும் படிகளை அந்தந்தக் கணக்கில் நுழைந்து செய்யுங்கள்.

2. மொழியை முதலில் முடிவு செய்யுங்கள்

இதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். பெயர்களை மாற்றிய பிறகு மொழியை மாற்றினால் சில பெயர்கள் பழையபடி திரும்பக்கூடும்.

நிர்வாகி கணக்கில் 'லாங்குவேஜஸ்' திறந்து, மொழிகளைச் சேர்க்கும் பகுதியில் தமிழைச் சேருங்கள். பிறகு உரியவரின் கணக்கில் நுழைந்து அதே கருவியில் மொழியைத் தமிழாக்கி, வெளியேறி மீண்டும் நுழையுங்கள். முழுத்திரையும் தமிழாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சில செயலிகள் நன்றாக மொழிபெயர்க்கப்பட்டிருக்கின்றன, சிலவற்றில் பாதிதான், சிலவற்றில் ஒன்றுமே இல்லை. கலப்பாக வரும். பிரெஞ்சு நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு பிரெஞ்சையே விட்டுவிட்டு, அவர்களுக்கு வேண்டிய தமிழ்ச் செயலிகளுக்கு மட்டும் 5-ஆம் படியில் தமிழ்ப் பெயர் வைப்பது நல்லது. தமிழ் எழுத்து மட்டுமே சரளமாகப் படிக்கும் பெரியவருக்கு முழுத் தமிழ் பொருந்தும்.

இந்தப் படியில் மூன்று பொறிகள் இருக்கின்றன.

'அப்ளை சிஸ்டம் வைட்' என்ற பொத்தானைத் தொடாதீர்கள். ஒருவருக்காகச் செய்யும் மாற்றம் கணினி முழுவதற்கும் போய்விடும்.

மொழிக்குக் கீழே 'ரீஜன்' என்று ஒன்று இருக்கும். அதை இந்தியத் தமிழாக்கினால் தொகைகள் 1,00,000 என்று இலட்சக் கணக்கில் பிரியும், கணக்குத் தாளில் இந்திய ரூபாய்க் குறி வந்து நிற்கும். மொரீசியஸ் ரூபாயில் கணக்கு எழுதும் சங்கத்துக்கு இது பெரிய குழப்பம். முன்பு என்ன இருந்ததோ அதையே விடுங்கள்.

மீண்டும் நுழைந்ததும், அடைவுகளின் (ஃபோல்டர்களின்) பெயரைப் புதிய மொழிக்கு மாற்றட்டுமா என்று ஒரு பெட்டி கேட்கும். பழைய பெயர்களையே வைத்துக்கொள் என்று சொல்லுங்கள். மாற்றச் சொன்னால் தமிழ்ப் பெயரில் புதிய வெற்று அடைவுகள் பிறக்கும், கோப்புகள் பழைய அடைவிலேயே கிடக்கும். படங்கள் எல்லாம் போய்விட்டன என்று வீடே கலங்கும். போகவில்லை, பக்கத்து அடைவில் இருக்கின்றன.

3. பிடித்தவற்றை முன்னால் கொண்டு வருதல்

விசைப்பலகையில் விண்டோஸ் சின்னம் உள்ள விசையைத் தட்டினால் மெனு திறக்கும். காகிதத்தில் எழுதிய செயலியைக் கண்டுபிடித்து, அதன்மேல் ரைட் கிளிக் செய்து, பிடித்தவற்றில் சேர்க்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். அது மெனு ஓரப் பட்டையில் வந்து உட்காரும். பட்டைக்குள் பிடித்து இழுத்து மேலே கீழே மாற்றலாம். தினம் திறப்பது மேலே இருக்கட்டும்.

எட்டுக்கு மேல் சேர்க்காதீர்கள். பல பதிப்புகளில், எண்ணிக்கை ஏற ஏற ஐகான்கள் தாமாகச் சுருங்கும். சிறிய மடிக்கணினித் திரையில் பத்துப் பன்னிரண்டு வைத்தால் பெரியவர்களால் பார்க்கவே முடியாது. ஓயாமல் பயன்படுத்துவது ஒன்றிரண்டு இருந்தால், அதே ரைட் கிளிக்கில் பேனலில் சேர்க்கும் வரியும் உண்டு. அது திரையின் கீழ்ப்பட்டையிலேயே நிற்கும், மெனுவைத் திறக்கவே வேண்டாம்.

செயலி மட்டுமல்ல, கோப்பையும் பிடித்ததாக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. 2021 ஜனவரியில் வந்த 20.1 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. கோப்பு மேலாளரில், உதாரணமாகத் தைப்பூசக் காவடிப் பெயர்ப்பட்டியல் கோப்பின்மேல் ரைட் கிளிக் செய்து பிடித்தவற்றில் சேருங்கள். மெனுவில் 'ஃபேவரிட்ஸ்' வகைக்குள் அது வந்துவிடும். சங்க அலுவலகத்துக்கு இந்த ஒரு வசதியே பாதி வேலையைக் குறைக்கும்.

4. தேவையற்றதை மறையுங்கள், அகற்றாதீர்கள்

புதியவர்கள் அதிகம் கெடுத்துக்கொள்வது இங்கேதான். மெனுவில் ஒரு செயலிமேல் ரைட் கிளிக் செய்தால் வரும் பட்டியலில் 'அன்இன்ஸ்டால்' என்றும் ஒரு வரி இருக்கும். பிரெஞ்சுத் திரையில் அது 'தெசேன்ஸ்தலே' என்று வரும். அது செயலியைக் கணினியிலிருந்தே அகற்றிவிடும், வீட்டில் எல்லோருக்கும் போய்விடும். மெனுவில் கண்ணுக்குத் தெரியாமல் செய்ய வேண்டிய வழி வேறு.

மெனு பொத்தானின்மேல் ரைட் கிளிக் செய்து 'கன்ஃபிகர்' போங்கள். அங்கே மெனு பக்கத்தில் மெனு எடிட்டரைத் திறக்கும் பொத்தான் இருக்கும். எடிட்டரில் இடப்பக்கம் வகைகள், வலப்பக்கம் அந்த வகைக்குள் இருக்கும் செயலிகள். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு டிக். டிக்கை எடுத்தால் மெனுவிலிருந்து மறையும், கணினியில் அப்படியே இருக்கும். திரும்ப வேண்டுமானால் டிக்கை வையுங்கள். கடவுச்சொல் கேட்காது.

ஒரே செயலி இரண்டு முறை தெரிந்தால், பெரும்பாலும் ஒன்று மின்ட்டோடு வந்தது, மற்றது ஃபிளாட்பேக் என்ற தனிப் பொதி வடிவில் பின்னால் நிறுவியது. இரண்டையும் திறந்து, உங்கள் கோப்புகளும் அமைப்புகளும் எதில் இருக்கின்றன என்று பார்த்துவிட்டு மற்றதை மறையுங்கள். பாராமல் மறைத்தால் மின்னஞ்சல் எல்லாம் காணோம் என்ற புகார் வரும்.

'அட்மினிஸ்ட்ரேஷன்' வகையைப் பாட்டியின் மெனுவிலிருந்து முழுவதும் மறைக்கலாம். உங்கள் சொந்தக் கணக்கில் மறைக்காதீர்கள், அப்டேட் மேனேஜர் அதற்குள்தான் இருக்கிறது.

5. தமிழ்ப் பெயர் வைத்தல்

அதே எடிட்டரில் ஒரு செயலியைத் தேர்ந்து 'ப்ராப்பர்டீஸ்' அழுத்தினால் சிறிய பெட்டி திறக்கும். பெயர், கட்டளை, விளக்கம், ஐகான் நான்கும் அதில் இருக்கும். பெயரை மாற்றுங்கள். கட்டளை வரியில் ஒரு புள்ளியைக்கூடத் தொடாதீர்கள், செயலியைத் திறப்பது அந்த வரிதான்.

தமிழில் தட்டச்ச இன்னும் ஏற்பாடு செய்யவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். கைப்பேசியில் பெயர்களை எல்லாம் ஒரே பட்டியலாகத் தட்டி உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டு, ஒவ்வொன்றாக நகலெடுத்து ஒட்டுங்கள்.

என்ன பெயர் வைப்பது? அகராதி மொழிபெயர்ப்பு வேண்டாம். வீட்டில் எப்படிக் கேட்பார்களோ அப்படி வையுங்கள். மின்ட்டோடு வருபவற்றுக்கு இப்படி வைக்கலாம்: ஃபயர்ஃபாக்ஸுக்கு இணையம், தண்டர்பேர்டுக்கு அஞ்சல், லிப்ரெஆஃபிஸ் ரைட்டருக்குக் கடிதம், கால்க்குக்குக் கணக்கு, ரிதம்பாக்ஸுக்குப் பாட்டு, செல்லுலாய்டுக்கு வீடியோ, பிக்ஸுக்குப் படங்கள். இரண்டு சொல்லுக்கு மேல் போக வேண்டாம். தமிழ் எழுத்து அகலமானது, நீளமான பெயர் பாதியில் வெட்டுப்பட்டுப் புள்ளிகளாக முடியும்.

பெயரைத் தமிழாக்கியதும் ஒரு சிக்கல் முளைக்கும். இதுவரை மெனுவின் தேடல் பெட்டியில் ஆங்கில எழுத்தில் தட்டித் தேடிய பிள்ளைகளுக்கு அந்தச் செயலி உடனே கிடைக்காமல் போகலாம். அதற்கு விளக்கப் பெட்டி உதவும். தேடல் விளக்கத்தையும் பார்க்கும் என்பதால், பழைய பெயரையும், கூடவே வீட்டில் வழங்கும் கிரியோல் அல்லது பிரெஞ்சுச் சொல்லையும் அங்கே எழுதி வையுங்கள். பெயரில் தமிழ், விளக்கத்தில் மற்ற மொழிகள். இரு தலைமுறைக்கும் ஒரே மெனு போதும்.

தமிழ் விசைப்பலகை சேர்த்திருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். நிர்வாகி கடவுச்சொல் கேட்கும் பெட்டி வரும்போது விசைப்பலகை தமிழில் இருந்தால், தட்டுவது எல்லாம் புள்ளிகளாகவே தெரியும், ஆனால் உள்ளே போவது தமிழ் எழுத்து. சரியான கடவுச்சொல்லையே தவறு என்று சொல்லும். பேனலில் இருக்கும் மொழிக்குறியைப் பார்த்து மாற்றிவிட்டுத் தட்டுங்கள்.

பெயர்களுக்குப் பதில் வெறும் கட்டங்கள் தெரிந்தால் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். சாஃப்ட்வேர் மேனேஜரில் நோட்டோ எழுத்துருக்களைத் தேடி நிறுவுங்கள்.

6. உங்களுக்கென்று ஒரு வகை

எடிட்டரில் 'நியூ மெனு' அழுத்தி 'கோவில் வேலை' என்றோ 'தமிழ்ப் பாடம்' என்றோ புதிய வகை உண்டாக்கலாம். வேண்டிய செயலியை மற்ற வகையில் தேர்ந்து 'காப்பி' செய்து, புதிய வகைக்குள் 'பேஸ்ட்' செய்யுங்கள். 'கட்' செய்தால் பழைய இடத்தில் இருக்காது. முதலில் காப்பி செய்து, சரியாகத் திறக்கிறது என்று பார்த்த பிறகு பழையதை மறைப்பதே பாதுகாப்பு. வெற்று வகை மெனுவில் தெரியாது, உள்ளே ஒன்றாவது இருக்க வேண்டும்.

செயலிகள் அகர வரிசையிலேயே நிற்கும், எடிட்டரில் இழுத்து வரிசை மாற்ற முடியாது. குறிப்பிட்ட வரிசை வேண்டுமென்றால் பெயரின் முன்னால் எண் போடுங்கள்: 1 ரசீது, 2 உறுப்பினர், 3 கடிதம்.

7. தினம் பார்க்கும் தளங்களை மெனுவில் வைத்தல்

மின்ட்டில் 'வெப் ஆப்ஸ்' என்றொரு கருவி இருக்கிறது. ஒரு தளத்தின் பெயர், முகவரி, வகை, உலாவி நான்கையும் கொடுத்தால் அது தனிச் செயலிபோல மெனுவில் வந்துவிடும். தமிழ் விக்சனரி, தமிழ் இணையக் கல்விக்கழகம், மொரீசியஸ் வானிலை மையம் என்று வைத்துக்கொள்ளலாம். முகவரி கொடுத்த பிறகு ஐகானுக்குப் பக்கத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் தளத்தின் சின்னத்தை அதுவே தேடித் தரும். பெயரைத் தமிழிலேயே கொடுக்கலாம்.

கடவுச்சொல் கொடுத்து நுழைய வேண்டிய தளம் என்றால், உலாவியில் ஏற்கெனவே நுழைந்திருந்தாலும் இங்கே மீண்டும் கேட்கும். இந்தச் செயலி தனக்கென்று தனிப் பதிவு வைத்துக்கொள்வதுதான் காரணம், கோளாறு அல்ல. அழிக்க வேண்டுமானால் மெனு எடிட்டருக்குப் போகாமல் இதே கருவியில் அழியுங்கள், அப்போதுதான் அந்தப் பதிவும் சேர்ந்து போகும்.

8. பொத்தான், அளவு, அண்மைக் கோப்புகள்

'கன்ஃபிகர்' பக்கத்தில் பொத்தானுக்குச் சொந்த ஐகானும் எழுத்தும் வைக்கும் இடம் உண்டு. 'எல்லாம்' என்று தமிழில் எழுதி வைத்தால் பெரியவர்களுக்கு எங்கே அழுத்துவது என்ற தயக்கம் போய்விடும். கொம்பும் காலும் வெட்டுப்பட்டால் பேனலின் உயரத்தைக் கூட்டுங்கள். பேனலில் வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்தால் பேனல் அமைப்புகள் வரும். செயலி ஐகான்களின் அளவையும் மெனு பக்கத்தில் கூட்டலாம். புதிய பதிப்புகளில் மெனுவின் ஓரத்தைப் பிடித்து இழுத்தே பெரிதாக்கலாம். மவுஸ் மேலே போனாலே மெனு திறக்கும் வசதியை நடுங்கும் கைகளுக்கு வைக்க வேண்டாம், திறந்து திறந்து மூடும்.

பலர் ஒரே கணக்கில் அமரும் அலுவலகக் கணினியில், மெனுவின் 'ரீசன்ட் ஃபைல்ஸ்' வகை யார் எதைத் திறந்தார்கள் என்று காட்டிக்கொண்டே இருக்கும். நன்கொடையாளர் பட்டியல் அங்கே தெரிவது சரியல்ல. சிஸ்டம் செட்டிங்ஸில் 'ப்ரைவசி' போய், அண்மைக் கோப்புகளை நினைவில் வைப்பதை நிறுத்திவிடுங்கள்.

9. நகல் எடுத்தல்

மின்ட்டோடு வரும் நகல் கருவியான டைம்ஷிஃப்ட் ஓடுகிறது, அது போதும் என்று இருந்துவிடாதீர்கள். அது கணினி அமைப்பைத்தான் காக்கும், ஒவ்வொரு கணக்கின் சொந்தக் கோப்புகள் இருக்கும் வீட்டு அடைவை ('ஹோம்') இயல்பாக விட்டுவிடும். மெனுவில் நீங்கள் செய்த எல்லாம் இருப்பது வீட்டு அடைவில்.

இரண்டு இடத்திலிருந்து நகல் எடுக்க வேண்டும். ஒன்று, 'கன்ஃபிகர்' பக்கத்தின் மேல் மூலையில் மூன்று கோடுள்ள பொத்தானை அழுத்தி அமைப்பைக் கோப்பாக 'எக்ஸ்போர்ட்' செய்வது. பொத்தான் எழுத்தும் அளவுகளும் இதில் வரும். இரண்டு, கோப்பு மேலாளரில் வீட்டு அடைவைத் திறந்து கண்ட்ரோலும் எச்-உம் சேர்த்து அழுத்துங்கள். மறைந்திருக்கும் அடைவுகள் தெரியும். புள்ளியில் தொடங்கும் 'லோக்கல்', அதற்குள் 'ஷேர்', அதற்குள் 'அப்ளிகேஷன்ஸ்' அடைவையும், பக்கத்தில் இருந்தால் 'டெஸ்க்டாப்-டைரக்டரீஸ்' அடைவையும் பென்டிரைவில் போடுங்கள். பிறகு புள்ளியில் தொடங்கும் 'கன்ஃபிக்' அடைவுக்குள் 'மெனுஸ்' என்ற அடைவு. தமிழ்ப் பெயர்களும் புதிய வகைகளும் இவற்றில்தான் இருக்கின்றன.

புயல் பருவம் நவம்பரில் தொடங்குகிறது. அதற்கு முன்னால், அக்டோபரிலேயே ஒருமுறை நகல் எடுத்து விடுங்கள். எச்சரிக்கை மூன்றாம் வகுப்புக்குப் போன பிறகு செய்ய வேண்டிய வேலை கணினியின் பிளக்கைப் பிடுங்குவது மட்டுமே.

ஏதாவது தவறிப்போனால்

மாற்றியது மெனுவில் தெரியவில்லை என்றால் கண்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சின்னமன் மட்டும் மறுபடி தொடங்கும், திறந்திருக்கும் வேலை போகாது. இருந்தாலும் முதலில் சேமித்துவிடுங்கள். தெரியாவிட்டால் வெளியேறி மீண்டும் நுழையுங்கள்.

பெயர் இருக்கிறது, அழுத்தினால் திறக்கவில்லை என்றால், அந்தச் செயலி அகற்றப்பட்டிருக்கும் அல்லது புதுப்பிப்பில் அதன் கட்டளை மாறியிருக்கும். நீங்கள் பெயர் மாற்றியபோது உருவான நகல் உங்கள் அடைவில் பழைய கட்டளையோடு தங்கியிருக்கிறது. மேலே சொன்ன 'அப்ளிகேஷன்ஸ்' அடைவில் அந்த ஒரு கோப்பை மட்டும் அழித்தால், செயலி கணினியில் இன்னும் இருந்தால் அசல் பெயரோடு அசல் கட்டளை திரும்பி வரும். பெயரை மறுபடி வையுங்கள்.

மெனு எடிட்டரில் 'ரீஸ்டோர் சிஸ்டம் கன்ஃபிகரேஷன்' என்ற பொத்தான், அந்தக் கணக்கின் மறைத்தல், பெயர், வகை எல்லாவற்றையும் ஒரே அடியாகத் துடைத்துவிடும். பேனலில் ரைட் கிளிக் செய்து 'ட்ரபிள்ஷூட்' போனால் வரும் 'ரீஸ்டோர் ஆல் செட்டிங்ஸ்' இன்னும் பெரியது. பேனல், பின்னணி, விசைக்குறுக்கு என்று சின்னமன் முழுவதும் முதல்நாள் நிலைக்குப் போகும். இரண்டையும் நகல் கையில் இருந்தால் மட்டும் தொடுங்கள். பென்டிரைவிலிருந்து அந்த அடைவுகளைப் பழைய இடத்தில் ஒட்டி, எக்ஸ்போர்ட் செய்த கோப்பை அதே மூன்று கோடுப் பொத்தானில் 'இம்போர்ட்' செய்து, வெளியேறி நுழைந்தால் தமிழ்ப் பெயர்களும் வகைகளும் பொத்தான் அமைப்பும் மீண்டும் வந்துவிடும். ஒரே மின்ட் பதிப்பும் அதே செயலிகளும் உள்ள இன்னொரு கணினிக்கும் இப்படியே கொண்டுபோகலாம்.